காலி மனைகளின் அதிகாரம்: பாஸ்டன் டட்லி தெரு இயக்கம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

1. கேள்வி

1988 நவம்பரில் பாஸ்டன் மறுவளர்ச்சி ஆணையம் வழக்கத்துக்கு மாறான ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ராக்ஸ்பரியும் வட டார்செஸ்டரும் சந்திக்கும் இடத்தில், டட்லி முக்கோணம் என்று அழைக்கப்பட்ட சுமார் 64 ஏக்கர் பரப்பில், தனியாருக்குச் சொந்தமான காலி மனைகளைக் கட்டாயமாகக் கையகப்படுத்தும் அதிகாரத்தை அது ஓர் அமைப்புக்கு வழங்கியது. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் இழப்பீட்டைக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த அமைப்பு அரசுத் துறையும் அன்று, கட்டுமான நிறுவனமும் அன்று. அந்தப் பேட்டையில் குடியிருந்த கறுப்பினத்தவரும் கேப் வெர்டியரும் லத்தீன் அமெரிக்க வழிவந்தவரும் எஞ்சியிருந்த வெள்ளையரும் சேர்ந்து நடத்திய டட்லி தெரு பேட்டை முனைப்பு என்ற இயக்கமே அதன் பின்னால் நின்றது. அமெரிக்காவில் அதற்கு முன் எந்தக் குடியிருப்போர் அமைப்புக்கும் இப்படியோர் அதிகாரம் கிடைத்ததில்லை.

நகர்ப்புற ஏழைகளின் இயக்கங்களைப் பற்றிப் படிப்பவர்கள் இந்த நிகழ்வை ஒரு சாதனைக் கதையாகவே சந்திப்பார்கள். இயக்கத்தின் தொடக்ககால இயக்குநர் பீட்டர் மெடாஃபும் ஹாலி ஸ்க்லாரும் எழுதி 1994இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ஹோப்’, 1996இல் வந்த ‘ஹோல்டிங் கிரவுண்ட்’ ஆவணப்படம் இரண்டும் அந்தக் கதையை நிலைநிறுத்தின. இரண்டுமே மதிக்கத்தக்கவை. ஆனால் முதலாவது உள்ளிருந்து எழுதப்பட்டது. பின்வந்த பல விவரிப்புகள் அதையே சார்ந்து நிற்பதால், ஒரே சாட்சி பல குரல்களில் பேசும் நிலை உருவாகியிருக்கிறது.

இக்கட்டுரை எழுப்பும் கேள்வி ஒன்றுதான். ஏழைகளை வெளியேற்றவே பயன்பட்டுவந்த ஓர் அரசு அதிகாரம் ஏழைகள் கைக்கு வந்தபோது உண்மையில் எது மாறியது? கையகப்படுத்தும் அதிகாரம் இக்கதையின் மையம் என்பது பொதுவான கருத்து. அதைவிட முக்கியமான இரண்டு விஷயங்கள் அதற்கு முன்னும் பின்னும் நடந்தன என்பது என் வாதம்.

2. நிலம் எப்படிக் காலியானது

1980களின் தொடக்கத்தில் டட்லி பகுதியில் சுமார் 1,300 காலி மனைகள் இருந்தன. நகர மையத்திலிருந்து இரண்டு மைல் தூரம்கூட இல்லாத பேட்டை அது. நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெறுமையாகக் கிடந்தது. இது வறுமையால் தானாக விளைந்தது என்று நினைக்க இடமில்லை.

1949இன் வீட்டுவசதிச் சட்டம் நகரங்களுக்கு மத்திய அரசின் பணத்தைக் கொடுத்து, ‘சீரழிந்த’ பகுதிகளை இடித்து விற்க வழிசெய்தது. 1954இல் பெர்மன் எதிர் பார்க்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு அரசியல் சட்ட ஒப்புதலும் அளித்தது. பாஸ்டனின் வெஸ்ட் எண்ட் பகுதி 1950களின் இறுதியில் தரைமட்டமானது. இடிபடுவதற்குச் சற்று முன் அங்கே தங்கியிருந்து ஹெர்பர்ட் கான்ஸ் எழுதிய ‘தி அர்பன் வில்லேஜர்ஸ்’ 1962இல் வெளிவந்தது. அதிகாரிகள் சேரி என்று முத்திரை குத்திய இடத்தில் நெருக்கமான உறவுகள் கொண்ட ஒரு தொழிலாளர் சமூகம் வாழ்ந்ததை அந்நூல் காட்டியது. வெஸ்ட் எண்ட்வாசிகள் பெரும்பாலும் இத்தாலிய வழியினர். பிற நகரங்களில் புல்டோசர் பெரும்பாலும் கறுப்பினத்தவரின் தெருக்களையே தேடிச் சென்றது. ராக்ஸ்பரியில் அதன் வேலையை நெடுஞ்சாலைத் திட்டம் செய்தது. வீடுகளை இடித்து நிலத்தைக் காலி செய்த பிறகு, மக்கள் எதிர்ப்பால் 1970களின் தொடக்கத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வெற்று நிலம் மட்டும் மிச்சம்.

வங்கிகளின் பங்கு இதைவிட நுட்பமானது. 1968இல் பாஸ்டன் வங்கிகள் ஒன்றுகூடி, கறுப்பினக் குடும்பங்களுக்கு வீட்டுக் கடன் வழங்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. கடன் உண்டு; ஆனால் வரைபடத்தில் தாங்கள் கோடு போட்டுக் காட்டிய பகுதிக்குள் வாங்கினால் மட்டுமே. கடனுக்கு மத்திய அரசின் காப்பீடு இருந்ததால், வாங்கப்படும் வீடு ஒழுகினாலும் இடிந்தாலும் வங்கிக்கு நஷ்டமில்லை. தரகர்கள் அந்தக் கோட்டுக்குள் இருந்த யூதக் குடும்பங்களை அச்சுறுத்தி மலிவாக விற்க வைத்தார்கள்; அதே வீட்டைக் கறுப்பினத்தவரிடம் கூடுதல் விலைக்குத் தள்ளினார்கள். சில ஆண்டுகளில் தவணை கட்ட முடியாமல் வீடுகள் ஜப்திக்குப் போயின. கோட்டுக்கு வெளியே கடன் மறுப்பு, கோட்டுக்கு உள்ளே கடன் பொறி. இதற்கு மேல் வந்தது தீ. வாடகையைவிடக் காப்பீட்டுத் தொகை லாபமான கட்டத்தில் வீட்டுக்காரர்களே தீ வைத்தார்கள் என்பது 1970களின் பாஸ்டனில் எல்லோரும் அறிந்த ரகசியம். வரி பாக்கியான மனைகள் நகராட்சியிடம் வந்து சேர்ந்தன. நகராட்சி அவற்றை வேலிகூடப் போடாமல் விட்டுவைத்தது.

3. மேடையில் இருப்பவர் யார்?

இயக்கத்தின் தொடக்கம் ஓர் அறக்கொடை நிறுவனத்திலிருந்து வந்தது என்பதைச் சாதனைக் கதைகளும் மறைப்பதில்லை. 1984இல் மேபல் லூயிஸ் ரைலி அறக்கட்டளையின் அறங்காவலர்கள், நிதி கேட்டிருந்த லா அலியன்சா இஸ்பானா என்ற சேவை அமைப்பைப் பார்க்க டட்லி தெருவுக்கு வந்தார்கள். சுற்றிலும் கிடந்த பாழைக் கண்டு அதிர்ந்தார்கள். சேவை அமைப்புகளையும் தேவாலயங்களையும் கூட்டிவைத்து ஒரு கூட்டமைப்புக்கு வரைவு தயாரித்தார்கள். நிர்வாகக் குழுவின் பெரும்பாலான இடங்கள் நிறுவனங்களுக்கு. குடியிருப்போருக்குச் சில இடங்கள். எல்லாம் நல்லெண்ணத்தோடுதான்.

1985 பிப்ரவரியில் புனித பேட்ரிக் தேவாலயத்தில் இந்த வரைவை மக்கள் முன் வைத்தபோது கூட்டம் திரும்பிக் கேட்டது: மேடையில் உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் இந்தப் பேட்டையில் குடியிருக்கிறீர்கள்? பதில் சங்கடமானது. எங்களைக் கேட்காமல் எங்களுக்கு ஒரு திட்டமா என்று ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்தார்கள். இத்தகைய கூட்டங்கள் அதோடு கலைந்துபோவதும், அறக்கட்டளைகள் வேறு பேட்டையைத் தேடிப் போவதும் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. வரைவு திருத்தப்பட்டது. நிர்வாகக் குழுவில் குடியிருப்போர் பெரும்பான்மை பெற்றார்கள். கறுப்பினத்தவர், கேப் வெர்டியர், லத்தீன் வழியினர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவினருக்கும், மக்கள்தொகை எவ்வளவாக இருந்தாலும், சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டன. கூட்டங்கள் ஆங்கிலத்தோடு ஸ்பானியத்திலும் கேப் வெர்டியக் கிரியோலிலும் மொழிபெயர்க்கப்பட்டன. அன்று எதிர்த்துப் பேசியவர்களுள் ஒருவரான சே மதியுன் பின்னர் குழுவின் தலைவரானார்.

அந்தச் சமப் பங்கீட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தலைக்கணக்குப்படி அது நியாயமற்றது. கறுப்பினத்தவர் எண்ணிக்கையில் அதிகம். வெள்ளையர் மிகக் குறைவு. ஆனால் பள்ளிகளில் இனக் கலப்புக்காக மாணவர்களைப் பேருந்தில் அனுப்பியதை எதிர்த்துப் பாஸ்டனில் கலவரங்கள் நடந்து பத்தாண்டுதான் ஆகியிருந்தது. பெரும்பான்மை ஓர் இனத்தின் கையில் இருக்கும் குழுவை மற்றவர்கள் தமதென்று கொள்ளமாட்டார்கள் என்பதைப் பேட்டைக்காரர்கள் நன்றாகவே உணர்ந்திருந்தார்கள். சால் அலின்ஸ்கி 1939இல் சிகாகோவில் உருவாக்கிய பேக் ஆஃப் தி யார்ட்ஸ் அமைப்பு, அமெரிக்கப் பேட்டை இயக்கங்கள் அனைத்துக்கும் முன்மாதிரியாகச் சொல்லப்படுவது. கத்தோலிக்கத் தொழிலாளர்களை அருமையாக ஒன்றுதிரட்டிய அதே அமைப்பு, பின்னாளில் கறுப்பினத்தவரைத் தன் தெருக்களுக்குள் விடாமல் தடுக்கும் அரணாகவும் ஆனது. அலின்ஸ்கியே இதைக் கண்டு கசந்தார். ஒற்றுமையை உணர்ச்சியிடம் விட்டுவைக்காமல் விதியாகவே எழுதிவைத்தது டட்லியின் முதல் பெரிய முடிவு என்பேன். கையகப்படுத்தும் அதிகாரத்துக்கு மூன்றாண்டு முந்தியது அது.

4. திட்டத்துக்கு முன் குப்பை

1986இல் இயக்கம் கையிலெடுத்த முதல் போராட்டம் குப்பை. வெளியூர் லாரிகள் இரவில் வந்து காலி மனைகளில் கட்டட இடிபாடுகளையும் பழைய குளிர்சாதனப் பெட்டிகளையும் டயர்களையும் இறைச்சிக்கூடக் கழிவுகளையும் கொட்டிவிட்டுப் போயின. உரிமம் இல்லாத குப்பை மாற்று நிலையங்கள் பகலிலேயே இயங்கின. கோடையில் சன்னலைத் திறக்க முடியாத நாற்றம். ‘எங்கள் மீது கொட்டாதே’ என்ற முழக்கத்தோடு குடியிருப்போர் தாங்களே மனைகளைப் பெருக்கினார்கள், லாரி எண்களைக் குறித்தார்கள், நகர மன்றத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். மேயர் ரே ஃபிளின் நேரில் வந்து பார்த்தார். சட்டவிரோத நிலையங்கள் மூடப்பட்டன.

திட்டமிடல் நூல்கள் இதை ஒரு முன்னுரையாகச் சொல்லிக் கடந்துவிடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1987இல் பேட்டைக்காரர்கள் தாங்களே வரைந்த முழுமையான வளர்ச்சித் திட்டத்துக்குக் கூட்டம் கூட்டமாக வந்து பேசியவர்கள், அதற்கு முந்தைய ஆண்டு குப்பை அள்ளியவர்கள். ஆலோசனை நிறுவனத்தை அவர்களே தேர்ந்தெடுத்து அமர்த்தினார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது.

5. அதிகாரம் ஏன் கொடுக்கப்பட்டது?

இங்கே மூன்று விளக்கங்கள் உள்ளன.

முதலாவது, மக்கள் திரட்சியின் வலிமை. இயக்கத்தின் சொந்த விளக்கம் இது. தவறில்லை, ஆனால் இதைவிடப் பெரிய திரட்சிகள் வேறு நகரங்களில் வெறுங்கையோடு திரும்பியிருக்கின்றன.

இரண்டாவது, அரசியல் தருணம். 1983 மேயர் தேர்தலின் இறுதிச் சுற்றில் ஃபிளின் தோற்கடித்தது மெல் கிங்கை. பாஸ்டனில் அந்தச் சுற்றுவரை வந்த முதல் கறுப்பின வேட்பாளர் அவர். 1968இல் சவுத் எண்டில் வாகன நிறுத்துமிடமாகிவிட்ட வீட்டு மனையில் கூடாரமடித்துப் போராடியவர்களை வழிநடத்தியவரும் அவரே. தென் பாஸ்டன் வெள்ளையரான ஃபிளினுக்குக் கறுப்பினப் பகுதிகளில் நம்பிக்கையைச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இருந்தது. அவர் பதவியேற்ற சிறிது காலத்துக்குள் டட்லி சதுக்கத்தில் விடுதிகளும் அலுவலகக் கோபுரங்களும் கட்டும் 75 கோடி டாலர் திட்டமொன்று ஆணையத்துக்குள் தயாராவது வெளியே கசிந்து கொந்தளிப்பை உண்டாக்கியது. 1986 நவம்பரில் ராக்ஸ்பரியையும் அதைச் சூழ்ந்த பகுதிகளையும் பாஸ்டனிலிருந்து பிரித்து மண்டேலா என்ற தனி நகராக்குவதா என்று வாக்கெடுப்பே நடந்தது. அது பெருந்தோல்வி அடைந்தாலும், நகர மன்றத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பிரிவினை கேட்பவர்களோடு ஒப்பிட்டால், காலி மனை கேட்பவர்கள் மேயருக்கு உகந்தவர்களே.

மூன்றாவது விளக்கம் இன்னும் கறாரானது: யாருக்கும் வேண்டாத நிலத்தைக் கொடுப்பதில் நகரத்துக்கு என்ன இழப்பு? இதில் பாதி உண்மை. 1980களின் நடுவில் பாஸ்டன் நில விலை ஏறிக்கொண்டிருந்தது. அந்த 75 கோடித் திட்டமே அதற்குச் சான்று. நிலம் வேண்டப்படாமல் இருந்த காலம் முடிந்து, வேண்டப்படும் காலம் தொடங்கும் இடுக்கில் இயக்கம் புகுந்தது என்பதே சரி.

என்னைப் பொறுத்தவரை இரண்டாவது விளக்கமே வலுவானது. ஆனால் முதலாவது இல்லாமல் அது நிற்காது. தருணம் வந்தபோது கையில் திட்டத்தோடு நின்றவர்கள் இவர்கள் மட்டுமே.

அதிகாரம் எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். முக்கோணத்தின் காலி நிலத்தில் ஏறத்தாழ பாதி நகராட்சியுடையது, பாதி தனியாருடையது. ஆனால் அவை இரு தனித் தொகுதிகளாக இல்லை. நகராட்சி மனை ஒன்று, அடுத்தது எங்கோ இருக்கும் ஒருவருடையது, அதற்கடுத்தது மறுபடி நகராட்சியுடையது என்று ஒன்றுவிட்டு ஒன்றாகக் கிடந்தன. சில மனைகளின் வாரிசுகள் யாரென்றே தெரியாது. சிலவற்றின் வரி பாக்கி நிலத்தின் மதிப்பைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒரு மனை சிக்கினால் ஒரு வரிசை வீடுகளைக் கட்ட முடியாது. மாசசூசெட்ஸ் சட்டத்தின் 121ஏ அத்தியாயம் நகர மறுவளர்ச்சி நிறுவனங்களுக்கு இத்தகைய அதிகாரத்தை வழங்க இடமளித்தது. பெரு முதலீட்டாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட பிரிவை, டட்லி நெய்பர்ஸ் என்ற துணை நிறுவனத்தைப் பதிவுசெய்து இயக்கம் பயன்படுத்திக்கொண்டது. குடியிருக்கும் வீடுகளைத் தொடுவதில்லை, காலி மனைகளை மட்டுமே எடுப்பது என்பது முதலிலேயே செய்துகொண்ட முடிவு. பேட்டைக்காரர்களிலேயே பலர் இந்த அதிகாரத்தைக் கண்டு அஞ்சினார்கள். வெஸ்ட் எண்டையும் நெடுஞ்சாலையையும் கண்டவர்கள் அஞ்சாமல் என்ன செய்வார்கள்?

6. சுற்றிவந்த ஒரு சிந்தனை

நிலத்தை எடுத்தாயிற்று, யார் பெயரில் வைப்பது? இந்தக் கேள்விக்கு டட்லி தந்த விடையே நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டாவது விஷயம். அதற்கு நம் பக்கத்திலும் ஒரு வேர் உண்டு. நிலத்தை டட்லி நெய்பர்ஸ் ஒரு நில அறக்கட்டளையாகத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதன் மேலுள்ள வீடு மட்டும் குடும்பத்துக்கு விற்கப்படும். நிலத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. சமூக நில அறக்கட்டளை எனப்படும் இந்த முறையின் முதல் வடிவம் 1969இல் ஜார்ஜியா மாநிலத்து ஆல்பனிக்கு அருகே, சார்லஸ் ஷெராட், ஸ்லேட்டர் கிங், ராபர்ட் ஸ்வான் முதலியோர் உருவாக்கிய நியூ கம்யூனிட்டீஸ் பண்ணை. வாக்குரிமை கேட்டதற்காக நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கறுப்பினக் குத்தகை விவசாயிகளுக்குப் பறிக்க முடியாத நிலம் வேண்டும் என்பதே நோக்கம். இஸ்ரேலின் நிலக் குத்தகை முறையை அவர்கள் நேரில் போய்ப் பார்த்தார்கள். ஸ்வானுக்கு மற்றோர் ஊக்கம் வினோபா பாவேயின் கிராமதானம். தனிப்பட்ட உரிமையைக் கிராமத்திடம் ஒப்படைத்து, உழும் உரிமையைக் குடும்பம் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் அதன் முக்கியக் களங்களில் ஒன்று, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உழைத்த மதுரை மாவட்டம்.

நம் ஊரில் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுபோன சிந்தனை அங்கே குத்தகைப் பத்திரமாக உருவெடுத்தது விசித்திரம்தான். காரணம், வினோபா கொடுப்பவரின் மனமாற்றத்தை நம்பினார். டட்லியோ மனமாற்றத்துக்குக் காத்திராமல் சட்டப்பிரிவை நம்பியது. ஆனால் முன்னோடியின் கதை எச்சரிக்கையும் கூட. 5,000 ஏக்கருக்கு மேலிருந்த நியூ கம்யூனிட்டீஸ் பண்ணை, வறட்சிக் காலத்தில் மத்திய வேளாண் துறை கடனை மறுத்ததால் 1985இல் கைநழுவியது. அந்தப் பாகுபாட்டுக்கு இழப்பீடு கிடைக்க 2009 ஆனது. நில அறக்கட்டளை நிலத்தைச் சந்தையிலிருந்து காக்கும். தனக்கே கடன் கொடுப்பவரிடமிருந்து காக்காது.

7. பணமும் குரலும்

நிலம் வாங்க ஃபோர்டு அறக்கட்டளை 20 லட்சம் டாலர் கடன் தந்தது. இங்கேதான் இடதுசாரி விமர்சனம் கூர்மையாகிறது. ராபர்ட் ஆலன் 1969இலேயே, கறுப்பினப் போராட்டத்தை அறக்கொடை நிறுவனங்கள் நிர்வாகமாக மாற்றிவிடும் என்று எழுதினார். குறிப்பாக அவர் சுட்டியது ஃபோர்டையே. சமூக வளர்ச்சிக் கழகங்கள் வீடு கட்டத் தொடங்கியதும் போராட மறந்துவிடுகின்றன என்று ராண்டி ஸ்டோக்கர் 1997இல் வாதிட்டார். அவர் பரிந்துரைத்தது கட்டுபவரும் திரட்டுபவரும் வேறாக இருக்க வேண்டும் என்பது. டட்லி இயக்கம் பெரும்பாலும் அப்படித்தான் நடந்துகொண்டது: வீடு கட்டுவதை வேறு நிறுவனங்களிடம் விட்டு, நிலத்தையும் திட்டத்தையும் மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. பாதி தப்பியது என்று சொல்லலாம். மறு பாதி தப்பவில்லை. ஒபாமா அரசின் பேட்டைக் கல்வித் திட்டத்தில் 2010இல் திட்டமிடல் நிதியும் 2012இல் செயலாக்க நிதியும் பெற்றபோது, நிதியளிப்பவரின் குறியீட்டெண்களும் அறிக்கைப் படிவங்களும் சேர்ந்தே வந்தன. கூட்டத்தில் எழுந்து மேடையைக் கேள்வி கேட்டவர்களின் வாரிசுகள் இப்போது மேடையில் இருக்கிறார்கள். அது வெற்றியின் விலை. அதை விலை என்று சொல்லவே பல விவரிப்புகள் தயங்குகின்றன.

8. வீட்டின் கணக்கு

சுமார் 24,000 பேர் வாழும் பகுதியில் டட்லி நில அறக்கட்டளையின் நிலத்தில் இன்று இருப்பவை இருநூற்றுச் சொச்சம் வீடுகள். 1,300 மனைகளில் பாதிக்கு மேல் வீடாகவும் பூங்காவாகவும் தோட்டமாகவும் மாறியிருப்பது கண்கூடு; ஆனால் பேட்டையில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள், அவர்களில் மிகப் பலரின் வீடு சாதாரணச் சந்தையில்தான் இருக்கிறது. 2008 நெருக்கடியில் சுற்றுவட்டாரத் தெருக்களில் ஜப்தி அறிவிப்புகள் குவிந்தபோது, அறக்கட்டளை வீடுகள் அனேகமாக அசையவில்லை. குத்தகை விதி அடாவடிக் கடனை அண்டவிடவில்லை. இது வலுவான சான்று. எண்ணிக்கையில் சிறியது என்பதும் அதே அளவு வலுவான சான்று.

மிகக் கடினமான எதிர்வாதம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அறக்கட்டளை வீட்டை விற்பவர் சந்தை விலைக்கு விற்க முடியாது. வாங்கிய விலையோடு வரம்புக்குட்பட்ட உயர்வும், செய்த மேம்பாட்டின் மதிப்பும் மட்டுமே கிடைக்கும். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியும் டியூக், நியூ ஸ்கூல் ஆய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெருநகரப் பகுதியில் வெள்ளையர் குடும்பத்தின் இடைநிலை நிகரச் சொத்து 2,47,500 டாலர். அமெரிக்கக் கறுப்பினக் குடும்பத்துடையது 8 டாலர். வெள்ளையர் வீட்டு விலையேற்றத்தால் செல்வம் சேர்த்த பிறகு, கறுப்பினத்தவரிடம் மட்டும் விலையேற்றத்தைத் துறக்கச் சொல்வது என்ன நீதி?

இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு பதில் உண்டு: இந்தக் குடும்பங்களுக்குத் திறந்த சந்தையில் வீடே கிடைத்திருக்காது, ஆகவே துறப்பதற்கு எதுவுமில்லை. தர்க்கம் சரி, ஆனால் ஏழைக்கு இதுவே அதிகம் என்ற தொனி அதில் ஒலிக்கிறது. வலுவான பதில், விலை வரம்பைத் தீர்மானித்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. 1968இல் வங்கிகள் கோடு போட்டபோது உள்ளே இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. டட்லியின் வரம்பை, அடுத்து வாங்கப்போகும் குடும்பத்தையும் கணக்கில் கொண்டு, அங்கே குடியிருப்போர் பெரும்பான்மையாக உள்ள குழுவே விதித்தது. மாற்றவும் அதனால் முடியும். இந்தப் பதில் நிற்க ஒரு நிபந்தனை உண்டு: குழுவின் தேர்தலுக்கு ஆட்கள் வர வேண்டும். வாடகைக்காரர்கள் பேட்டையை விட்டு வெளியேறிக்கொண்டே இருந்தால், அந்தக் குழுவில் குடியிருப்போர் என்ற பெயரில் வந்து அமர்பவர்கள் வேறு வருமானக்காரர்களாக இருப்பார்கள். நான்கு இனங்களுக்கும் சம இடம் ஒதுக்கிய விதியில் வாடகைக்காரருக்கென்று ஒதுக்கீடு எதுவும் எழுதப்படவில்லை.